இம்பெல்லர் என்ன சைஸ்? – காவிரிக் கரையில் நூறு வருடமாகக் கேட்கப்படும் ஒரு கேள்வி

ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம். இப்படி ஒரு தீவில் இருப்பவர்களுக்கு தண்ணீர் இறைக்கும் பம்பைப் பற்றி என்ன கவலை இருக்க முடியும்? ரங்கநாதருக்கே வருடம் முழுக்க ஆற்றுத் தண்ணீர்தான். ஐப்பசி மாதம் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் யானை மேல் வரும், மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வரும். ஆனால் அதே தீவில் வாழைத்தோட்டம் வைத்திருப்பவரிடம் போய்க் கேட்டால் மோட்டார், காயில், ஃபுட் வால்வு, இம்பெல்லர் என்று ஒரு பெரிய புராணமே சொல்லுவார். அந்தப் புராணத்தின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. குறிப்பாக ஒரு கேள்வி: தேய்ந்துபோன இம்பெல்லரைக் கழற்றிவிட்டுப் புதிது போடும்போது எந்த அளவில் போட வேண்டும்?

கேட்க சாதாரணமான கேள்வி. தப்பாகப் பதில் சொன்னால் மோட்டார் எரியும். அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. பெரும்பாலோர் நினைப்பது போல, தண்ணீர் கீழே போகும்போதுதான் எரியும் என்றில்லை. தண்ணீர் மேலே வரும்போதும் எரியும்!

முதலில் பழைய கதை. திருச்சி வட்டாரத்தில் பாசனம் என்றாலே வாய்க்கால்தான். கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணை, 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கட்டிய மேலணை, ஊருக்குள்ளேயே ஓடும் உய்யக்கொண்டான், வடகரையில் அய்யன் வாய்க்கால், பெருவளை வாய்க்கால் – எல்லாவற்றுக்கும் ஒரே தத்துவம். தண்ணீரை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓட விடு, அவ்வளவுதான். தூக்க வேண்டிய வேலையே இல்லை. தூக்க வேண்டிய வேலை மணப்பாறை, துறையூர் பக்கம் மேட்டு நிலக்காரர்களுக்கு இருந்தது. வாய்க்கால் எட்டாத இடங்களிலும், மேட்டூர் மூடியிருக்கும் மாதங்களில் ஆற்றங்கரைத் தோட்டங்களிலும் இருந்தது.

அவர்கள் ஏற்றம் வைத்தார்கள், கவலை ஓட்டினார்கள். கவலை தெரியாதவர்களுக்கு: இரண்டு மாடு, ஒரு வடக்கயிறு, தோலால் ஆன பை, கிணற்றடியிலிருந்து சரிந்து இறங்கும் ஒரு தடம். மாடு சரிவில் இறங்கினால் பை மேலே வரும். கிணறு எவ்வளவு ஆழமோ தடமும் கிட்டத்தட்ட அவ்வளவு நீளம் வேண்டும். கிணறு ஆழமானால் தடத்தை நீட்ட வேண்டும், கயிற்றை நீட்ட வேண்டும், ஒரு நடைக்கு ஆகும் நேரமும் கூடும். மாட்டின் பலம் மட்டும் மாறாது. ஆக ஆழம், அளவு, பலம் மூன்றையும் பொருத்தும் கணக்கு இம்பெல்லர் வருவதற்கு முன்பே இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். எழுதி வைக்கவில்லை, அவ்வளவே.

இனி சக்கரம். ஒரு வட்டத் தகட்டில் வளைந்த இறக்கைகள், அதை வேகமாகச் சுற்றினால் நடுவில் நுழையும் தண்ணீர் விளிம்பு வழியாக விசிறி அடிக்கப்படும். இதுதான் இம்பெல்லர். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே டெனிஸ் பாப்பின் இப்படி ஒன்றைச் செய்து பார்த்தார். ஆனால் உலகம் கவனித்தது 1851-ல், லண்டன் மாபெரும் பொருட்காட்சியில். ஜான் அப்போல்ட் என்பவர் வளைந்த இறக்கை வைத்த பம்பு ஒன்றை அங்கே ஓட்டிக் காட்டினார். சோதனையில் வளைந்த இறக்கைக்கு 68 சதவீதத் திறன் கிடைத்தது. அதையே நேர் இறக்கையாக ஆரம் வாக்கில் வைத்துப் பார்த்தபோது கிடைத்தது 24 சதவீதம். இறக்கையை வளைத்ததற்கே இவ்வளவு வித்தியாசம்! இம்பெல்லர் வெறும் இரும்புத் தகடு இல்லை, அதன் வடிவமும் அளவும்தான் பம்பே என்பது அன்றே முடிவாகிவிட்டது.

சென்னை மாகாணத்துக் கிணறுகளுக்கு இதைக் கொண்டுவர மிகவும் பாடுபட்டவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே தொடங்கி வைத்ததும் இவர்தான் (இன்று அலுமினியக் குண்டானில் வெந்நீர் வைப்பவர்கள் யாருக்கும் இவர் பெயர் தெரியாது, பாவம்). 1900-களின் தொடக்கத்தில் எண்ணெய் எஞ்சினையும் சென்ட்ரிஃப்யூகல் பம்பையும் பெல்ட் போட்டு இணைத்து, மாட்டுக் கவலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டுக் காட்டினார். இறைவைப் பாசனம் பற்றித் தனியாகப் புத்தகமே எழுதினார்.

அந்த பெல்ட்டைக் கவனியுங்கள். இந்தக் கதையில் அதற்கு முக்கிய இடம் உண்டு. எஞ்சினில் ஒரு கப்பி, பம்பில் ஒரு கப்பி, நடுவில் பெல்ட். தண்ணீர் போதுமான உயரம் ஏறவில்லையா? பம்புக் கப்பியைச் சின்னதாக மாற்று, சக்கரம் வேகமாகச் சுற்றும். எஞ்சின் திணறுகிறதா? கப்பியைப் பெரிதாக்கு. இம்பெல்லரைத் தொடவே வேண்டாம். அதாவது எண்ணெய் எஞ்சின் காலத்தில் "என்ன சைஸ் இம்பெல்லர்?" என்ற கேள்வியை "என்ன சைஸ் கப்பி?" என்று மாற்றிக் கேட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்.

மின்சாரம் வந்து அந்த வசதியைப் பறித்தது. 1930-களில் பைக்காரா, பிறகு மேட்டூர் என்று நீர்மின் நிலையங்கள் வந்தன. அதே காலத்தில் கோயம்புத்தூரில் பம்பும் மோட்டாரும் செய்யும் தொழில் வளர்ந்தது. ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு பெயர்கள் இங்கேதான் வரும். சுதந்திரத்துக்குப் பிறகு கிராமங்களுக்கு மின்கம்பி இழுக்கும் வேலை சென்னை மாநிலத்தில் நடந்த வேகம் பெரியது. 1960-களில் நாட்டிலேயே மின் பம்புசெட்டுகள் அதிகம் உள்ள மாநிலம் இதுதான். மாடு விலகியது, எண்ணெய் எஞ்சினும் மெல்ல ஓரம் போனது. மோட்டாரும் பம்பும் ஒரே சாஃப்ட்டில் உட்கார்ந்த மோனோபிளாக் வந்தது.

பெல்ட் இல்லை, கப்பி இல்லை. வேகம் மின்வாரியத்தின் கையில். 50 சைக்கிள் மின்சாரத்தில் இரண்டு துருவ மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2,880 சுற்று சுற்றும், யார் சொன்னாலும் மாறாது. அப்போது மாற்றுவதற்கு என்ன மிச்சம்? இம்பெல்லரின் விட்டம் ஒன்றுதான்.

கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பத்தாம் வகுப்பு இயற்பியல் போதும். 150 மி.மீ. விட்டமுள்ள இம்பெல்லர் 2,880 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 22.6 மீட்டர் வேகத்தில் போகும். மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல்! அந்த வேகத்தில் ஒரு கல்லைச் செங்குத்தாக எறிந்தால் எவ்வளவு உயரம் போகும்? சுமார் 26 மீட்டர். அந்த இம்பெல்லர் தண்ணீரை ஏற்றும் உயரமும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கும். துல்லியமான கணக்கு இல்லை, கைக்கணக்கு. ஆனால் ஒரு பம்பு ஏன் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் ஏற்ற மறுக்கிறது என்பது இதிலேயே புரிந்துவிடும்.

இப்போது விட்டத்தைப் பத்து சதவீதம் குறைத்து 135 மி.மீ. ஆக்குவோம். தண்ணீர் அளவு பத்து சதவீதம் குறையும். உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே 19 சதவீதம் குறைந்து 21 மீட்டருக்கு வரும். மோட்டார் மேல் விழும் சுமை இரண்டையும் பெருக்கியது போல மூன்றாம் அடுக்கில் மாறும், ஆகவே 27 சதவீதம் குறையும். தலைகீழாகப் பாருங்கள். "கொஞ்சம் பெரிசாவே போடுங்க, தண்ணி நல்லா வரட்டும்" என்று 165 மி.மீ. போட்டால் பத்து சதவீதம்தான் கூடியிருக்கிறது, மோட்டார் மேல் சுமையோ மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. 5 எச்.பி. மோட்டாரிடம் 6.65 எச்.பி. வேலை கேட்கிறோம். அது செய்யும், கொஞ்ச நாள்.

இது பம்பைப் பற்றிய பாதிக் கதை. மீதிப் பாதி கிணற்றில் இருக்கிறது.

இங்கே ஒரு சின்னப் பயணம் போய்வரலாம். இதே இம்பெல்லரை, கிணறே இல்லாத இடத்தில் பயன்படுத்திய மனிதர் ஒருவர் உண்டு. நியூசிலாந்தின் பில் ஹாமில்டன். 1899-ல் பிறந்தவர், ஆட்டுப்பண்ணைக்காரர். அவர் ஊர் ஆறுகளும் நம் காவிரி கோடையில் இருப்பது போலத்தான், அகலம் அதிகம், ஆழம் இல்லை. சாதாரண விசைப்படகின் புரொப்பெல்லர் அடியில் தட்டி உடைந்துவிடும். அதனால் அவர் பம்பைப் படகுக்குள்ளேயே வைத்தார். அடியில் தண்ணீரை உறிஞ்சு, பின்பக்கம் பீய்ச்சு, படகு முன்னால் போகும். 1954-ல் ஓடிய அவருடைய முதல் ஜெட் படகில் இருந்தது சென்ட்ரிஃப்யூகல் பம்புதான், நம் வயல் பம்பின் ஒன்றுவிட்ட தம்பி. பிறகுதான் தண்ணீரை அச்சின் வழியாகவே நேராகத் தள்ளும் சக்கரங்களுக்கு மாறினார். இந்த யோசனைக்குத் தான் சொந்தக்காரன் இல்லை, ஆர்க்கிமிடீஸுக்கே அந்தப் பெருமை என்று சொல்லிவந்த அடக்கமான ஆள்.

இந்தியாவுக்கும் அந்தப் படகுகள் வந்தன. 1977-ல் எட்மண்ட் ஹிலாரி மூன்று ஜெட் படகுகளோடு வங்கக் கடலிலிருந்து கங்கையை எதிர்த்து மேலேறினார். படகுகளின் பெயர்கள் கங்கா, கிவி, ஏர் இந்தியா. ஓட்டியவர்களில் ஹாமில்டனின் மகன் ஜானும் ஒருவர். காசி, ஹரித்வார், ரிஷிகேஷ் எல்லாம் தாண்டி நந்தப்பிரயாகையில் ஓர் அருவி வழிமறிக்கும் வரை போனார்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஜெட் படகில் இம்பெல்லர் மாற்றுவது ஒரு விதத்தில் சுலபம். படகின் அடியும் தண்ணீரும் எப்போதும் ஒட்டியே இருக்கின்றன. ஆறு நிரம்பி ஓடினாலும் வற்றினாலும் உறிஞ்சும் வாய்க்கும் தண்ணீருக்கும் உள்ள தூரம் மாறுவதில்லை. எனவே இம்பெல்லர் எவ்வளவு சக்தி கேட்கும் என்பது அது சுற்றும் வேகத்தைத்தான் பெரும்பாலும் பொறுத்தது. முழு விசையில் எஞ்சின் எந்த வேகத்தில் தன் முழு பலத்தைத் தருமோ, அந்த வேகத்தில் அந்த பலத்தைச் சரியாகச் சாப்பிடும் இம்பெல்லர் வேண்டும். பெரிதாகப் போட்டால் எஞ்சின் அந்த வேகத்துக்கு ஏறாமல் திணறும். சிறிதாகப் போட்டால் வேகம் எகிறும், படகு நகராது. எஞ்சினைக் கேட்டால் போதும், பதில் கிடைத்துவிடும்.

திருச்சி விவசாயிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் மோட்டாரையும் கேட்க வேண்டும், கிணற்றையும் கேட்க வேண்டும். கிணறோ மாதத்துக்கு ஒரு பதில் சொல்லும்.

வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தால், கரையோரக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறும். ஜனவரி கடைசியில் மூடினால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி சித்திரை வைகாசியில் அடியில் போய் நிற்கும். ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: மே மாதம் மொத்தம் 24 மீட்டர் ஏற்ற வேண்டிய தண்ணீரை அக்டோபரில் 10 மீட்டர் ஏற்றினால் போதும். மே மாதக் கஷ்டத்தைப் பார்த்து, அதற்கேற்ற பெரிய இம்பெல்லர் போட்டாயிற்று. அக்டோபரில் என்ன ஆகும்?

எளிதாக ஓடும், மோட்டாருக்கு ஓய்வு என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது நேர் எதிர். ஏற்ற வேண்டிய உயரம் குறைந்ததும் பம்பு வெள்ளமாகத் தண்ணீரைத் தள்ளத் தொடங்கும். இந்த வகை ஆரவழி இம்பெல்லரில் தண்ணீர் அளவு கூடக் கூட அது கேட்கும் சக்தியும் கூடும். வாய்க்கால் நிறையத் தண்ணீர், பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. உள்ளே மோட்டார் தாங்க முடியாத கரண்ட்டை இழுத்துக்கொண்டிருக்கும். கூடவே ஊரெல்லாம் மோட்டார் போட்டு வோல்டேஜும் இறங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். ஆற்றில் தண்ணீர் வந்த சந்தோஷத்தில் இருக்கும்போது காயில் கருகிய நாற்றம் வரும். (தண்ணீரை அச்சுவழியாகத் தள்ளும் சக்கரங்களில் இது அப்படியே தலைகீழ். அங்கே வெளியேறும் வழியை அடைத்தால்தான் சுமை கூடும்.)

அனுபவசாலிகளுக்கு இதற்கு ஒரு கைவைத்தியம் தெரியும். டெலிவரி குழாயின் வால்வைக் கொஞ்சம் மூடி வைப்பார்கள். பார்ப்பவருக்கு பைத்தியக்காரத்தனமாக இருக்கும், வருகிற தண்ணீரை யாராவது அடைப்பார்களா என்று. ஆனால் சரியான வைத்தியம்தான். வால்வு ஒரு செயற்கை உயரத்தை உண்டாக்குகிறது, மோட்டார் பிழைக்கிறது.

லேத் பட்டறைக்கு வருவோம். பழைய இம்பெல்லரைக் கொண்டுபோய் "இதே மாதிரி ஒண்ணு" என்று கேட்பதுதான் வழக்கம். இதில் உள்ள சங்கடம், பழையது இப்போது இருக்கும் அளவு அது பிறந்தபோது இருந்த அளவு இல்லை. ஆற்று மணலைச் சேர்த்து உறிஞ்சும் பம்பில் இறக்கை நுனி அரிபடும், விட்டம் குறையும். தேய்ந்ததை அளந்து புதிது செய்தால் புதிதாகவே தேய்ந்த பம்பு கிடைக்கும். சரி, கம்பெனி அளவையே போடலாம் என்றால் அதிலும் ஒரு பொறி. முன்பு யாரோ ஒரு புத்திசாலி மோட்டார் சூடாகிறது என்று கடைசல் பிடித்துக் குறைத்து வைத்திருக்கலாம். அது தெரியாமல் முழு அளவு போட்டால் மறுபடி சூடாகும். அதற்காக இஷ்டத்துக்குக் கடையவும் முடியாது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தால் இம்பெல்லருக்கும் உறைக்கும் நடுவில் இடைவெளி அதிகமாகி, தண்ணீர் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பெரிதாக்கவோ உறையே விடாது. ஆக, நிஜமாகக் கையில் இருக்கும் சுதந்திரம் சில சென்டிமீட்டர்தான்.

அந்தச் சில சென்டிமீட்டரை விட வேகமாக நீர்மட்டம் கீழே போனது என்பதுதான் 1970-க்குப் பிந்தைய வரலாறு. மேலே இருக்கும் பம்பு உறிஞ்ச ஒரு எல்லை உண்டு. காற்றழுத்தம் தண்ணீரைத் தள்ளிக் கொடுக்கும் உயரம் ஏட்டளவில் 10.3 மீட்டர், நடைமுறையில் ஆறேழு மீட்டர். அதற்குக் கீழே போனால் உலகத்திலேயே பெரிய இம்பெல்லர் போட்டாலும் ஒரு சொட்டு வராது. அதனால் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டி மோட்டாரை இறக்கினார்கள். தண்ணீர் இறங்கியது, மேடையும் இறங்கியது. மழையில் திடீரென்று கிணறு நிரம்பினால் மோட்டார் முழுகியது. மணப்பாறை, துறையூர்ப் பக்கத்துப் பழைய கிணறுகளில் எட்டிப் பார்த்தால், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இரண்டு மூன்று மேடைகள் இன்றும் தெரியும். நீர்மட்டம் இறங்கிய வரலாற்றைப் படிக்க அதைவிட நல்ல கல்வெட்டு கிடையாது.

நியாயமாக, இம்பெல்லர் சரியாக இருக்கிறதா என்று கவலைப்பட வைக்க வேண்டியது மின்கட்டணம். அந்தக் கதை வேறு திசையில் போனது. 1970-ல் கட்டண உயர்வை எதிர்த்து கோவை மாவட்ட விவசாயிகள் கிளர்ந்தெழுந்தபோது பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிப் போராட்டம் வரை போனது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. வறண்ட கிணற்றோடு மல்லாடுகிறவருக்கு அது பெரிய உதவி, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு பக்கவிளைவும் இருந்தது. தப்பான இம்பெல்லர் வீணடிக்கும் யூனிட்டுக்கு அதன் பிறகு யாரிடமிருந்தும் பில் வரவில்லை. காயில் கட்டும் கடையிலிருந்து மட்டும்தான் பில் வந்தது. தண்ணீர் குறைந்தால் இம்பெல்லரைப் பொருத்திப் பார்ப்பதை விட, 5 எச்.பி.யை எடுத்துவிட்டு 7.5 எச்.பி. போடுவது சுலபமாகிவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரரும் அதையே செய்தார்.

பிறகு ஆழ்குழாயும் நீர்மூழ்கி மோட்டாரும் வந்து கேள்வியையே மாற்றிவிட்டன. 4 அங்குலமோ 6 அங்குலமோ, குழாய்க்குள் நுழைந்தால்தான் பம்பு. இம்பெல்லரைப் பெரிதாக்க இடமே இல்லை. எனவே சின்ன இம்பெல்லர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஒவ்வொன்றும் முந்தையது கொடுத்த தண்ணீரை வாங்கி இன்னும் கொஞ்சம் மேலே தள்ளும். ஒரு இம்பெல்லர் 8 மீட்டர் தள்ளினால் பத்து சேர்ந்து 80 மீட்டர். இன்று கடையில் யாரும் இம்பெல்லரின் விட்டத்தைக் கேட்பதில்லை. "எத்தனை ஸ்டேஜ்?" என்றுதான் கேட்கிறார்கள். கவலைக் காலத்தில் தடத்தை நீட்டியது போல, இப்போது அடுக்கை நீட்டுகிறார்கள்.

பழைய சிக்கல் மட்டும் புது ரூபத்தில் தொடர்கிறது. கோடைக்காக ஸ்டேஜைக் கூட்டி வாங்கிய பம்பு, கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து ஊற்று மேலே ஏறியதும் அதே பழைய மோனோபிளாக் போலவே அதிகம் தள்ளி, அதிகம் கரண்ட் இழுக்கும். ஒரே வித்தியாசம், அது நூறு அடிக்குக் கீழே இருப்பதால் காயில் கருகும் நாற்றம் மேலே வராது. இதற்காகத்தான் பம்பின் பெயர்ப்பலகையில் ஹெட் ரேஞ்ச் என்று இரண்டு எண்கள் அடித்திருப்பார்கள், இந்த உயரத்திலிருந்து இந்த உயரம் வரை என்று. கடையில் எச்.பி.யைப் பார்ப்பார்கள், விலையைப் பார்ப்பார்கள். அந்த இரண்டு எண்களில் சின்ன எண்ணை, அதாவது ஐப்பசித் தண்ணீருக்கான எண்ணைப் பார்ப்பவர்கள் குறைவு. பம்பு குழாய்க்குள் இறங்கிவிட்டால் பலகையும் அதோடு கீழே போய்விடும்.